வாய் திறந்த வியாழக்கிழமை

முதலில் சத்தியம். இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. நடுவில் விழுந்திருக்கும் காற்புள்ளிகள்கூட உண்மை. யார் காதிலும் பூச்சுற்றும் உத்தேசம் இல்லை, அதற்கான வயதும் தாண்டிவிட்டது. நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போகிறவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போனால் போதும், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

ஒரு பஸ் டிரைவர். பத்தொன்பது வருடமாக ஒரே வழித்தடம். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய தம்ளரைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு வண்டியை எடுப்பார். கடைசி நிறுத்தத்தில் பார்த்தால் தம்ளரில் ஒரு சொட்டுக் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. அவ்வளவு பதமான கால். அவர் வண்டியில் ஏறினால் தூங்கிப்போய் இறங்குமிடத்தைத் தவறவிடுகிறோம் என்று பயணிகள் டிப்போவுக்குப் புகார் எழுதியிருக்கிறார்கள். மேலதிகாரி கூப்பிட்டு, "நடுவுல ஒரு குழியிலயாவது இறக்குங்களேன்" என்று கேட்டுக்கொண்டார். அது மட்டும் அவருக்கு வரவில்லை.

வராத இன்னொன்று பேச்சு. காலையில் வண்டிச் சாவி வாங்கும்போது ஒரு தலையசைப்பு, திருப்பித் தரும்போது இன்னொன்று, அத்தோடு சரி. டிப்போவில் அவருக்குப் பெயர் சைலன்சர்.

சைலன்சருக்கு எட்டு வயதில் ஒரு மகள். வீட்டில் சிட்டு. சிட்டுவுக்கும் பேச்சு வரவில்லை, ஆனால் அது அப்பாவிடமிருந்து வந்தது அல்ல என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நடப்பாள், யாராவது ஒரு கை கொடுத்தால். மற்றபடி வீட்டிலிருக்கும் எந்த மூடியையும் விட்டு வைக்க மாட்டாள். டப்பாவோ, பையோ, அலமாரியோ, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். கடிகாரத்தின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு, ஏதோ ஒப்புக்கொண்ட மாதிரித் தலையாட்டி மறுபடி மூடி வைப்பாள். அதன் பிறகு அந்தக் கடிகாரம் சரியாக ஓடும்.

"பொண்ணு எப்படிண்ணே இருக்கா?" என்று டிப்போவில் கேட்பார்கள்.

"நல்லா இருக்கா."

எட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்தச் சொற்கள் பழைய டயர் மாதிரி வழவழவென்று தேய்ந்துவிட்டன. அதற்கு மேல் சொல்ல அவருக்கு ஆள் இல்லை. இப்படி ஒரு பிள்ளையை வளர்க்கிற ஆள் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று முடிவு கட்டியிருந்தார். தேடிப் பார்த்தாரா என்றால், இல்லை.

இந்த நிலைமையில்தான் சிட்டு சாப்பிடுவதை நிறுத்தினாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. வாயில் எதையும் வைக்க விடவில்லை, ஸ்ட்ரா வழியாகக் கொஞ்சம் பால் மட்டும். பல்லில்தான் ஏதோ என்று எல்லாருக்கும் தெரிந்தது. எந்தப் பல், என்ன கோளாறு என்று பார்க்க வாயைத் திறக்க வேண்டுமே. முதல் பல் டாக்டருக்கு விரலில் இரண்டு தையல் விழுந்தது. இரண்டாவது பல் டாக்டர் அதே வாரம் தொழிலை விட்டுவிட்டுக் கண்ணாடிக் கடை வைத்தார். கேட்டவர்களிடம், "கண்ணு கடிக்காதுல்ல" என்றாராம்.

ஐந்தாம் நாள் குழந்தைகள் டாக்டர் எடை பார்த்தார். எழுதியதை இருமுறை பார்த்தார்.

"வியாழக்கிழமைக்குள்ள யாராவது அந்தப் பல்லைப் பாத்தாகணும். இல்லன்னா வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில சேத்து மூக்கு வழியா டியூப் போட்டுடலாம்."

டியூப் என்றதும் சைலன்சரின் மனைவி எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் சிட்டுவுக்கு ஒரு முறை போட்டிருந்தது. இருபத்தாறு நாள். அவள் அதைப் பிடுங்கி எறியாமலிருக்க ஒரு கையை இவரும் மறு கையை மனைவியும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் பல மாதம் சிட்டு இரண்டு பேருக்கும் கை கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். வெள்ளிக்கிழமை வந்தால் மறுபடி அது வரும். மூன்றாவதாக ஒரு பல் டாக்டர், விஷயம் தெரியாமல், வியாழக்கிழமை நாலு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார். அவ்வளவுதான் கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில் சிட்டுவுக்கு இரண்டு மணி நேரம். மையம் இரண்டாவது மாடியில். மகளை உள்ளே விட்டதும் சைலன்சர் கீழே இறங்கித் தெருவில் நிற்கிற வண்டிகளின் டயர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான்கு வருடமாக அப்படித்தான். அந்தத் தெருவில் எந்த டயருக்குக் காற்றுக் குறைந்தாலும் சொந்தக்காரருக்கு முன்னால் இவருக்குத் தெரியும். மேலே வராந்தாவில் மற்ற பெற்றோர்கள் உட்கார்ந்திருப்பார்கள், சத்தமும் சிரிப்புமாக இருக்கும். அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை.

அன்றைக்குப் பார்த்துப் படிக்கட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பெயின்டர் கீழ்ப்படியில் ஆரம்பித்து மேலே வந்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, தானும் மேலேயே மாட்டிக்கொண்டதைத் தெரிந்துகொண்டார். காய ஒரு மணி நேரம் ஆகும். சைலன்சர் வேறு வழியில்லாமல் வராந்தாவுக்கு வந்தார்.

பதினோரு பேர் இருந்தார்கள். பேச்சு ஒரு தபால்காரருடையது. நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்.

"பையன் அஞ்சு அடி எடுத்து வச்சான். ஆறாவதுக்கு உக்காந்துட்டான். கேட்டா, போதும்ங்கற மாதிரி ஒரு பார்வை."

மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று சைலன்சருக்குத் தோன்றியது. அன்றைய கோட்டாவிலிருந்து ஒரு சொல்லை எடுத்தார்.

"சரியாயிடும்ங்க."

வராந்தா அப்படியே நின்றுபோனது. மின்விசிறிகூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அடுத்த சுற்றுச் சுற்றியது. பெஞ்சின் ஓரத்தில், முழங்கை வரை மாவு ஒட்டியிருந்த ஒரு பெண் மெல்ல எழுந்தார். பேக்கரி வைத்திருப்பவர். அவர் மகனும் உள்ளேதான் இருந்தான்.

"பையப் பிடிங்கண்ணே."

"என்ன?"

"இந்தப் பை. அப்புறம் இது. இதையும் தோள்ல மாட்டிக்குங்க. அந்தச் சொல்லு இங்க தடை. சொன்னவங்க எல்லார் பையையும் ஒரு மணி நேரம் சுமக்கணும்."

"நான் நல்லதுக்குத்தானே..."

"எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. என் மாமியார் சொல்றாங்க, கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவர் சொல்றார், போன்ல ராங் நம்பர்ல வந்தவரு சொல்லிட்டு வச்சாரு. எங்க பிள்ளைங்க என்ன ரிப்பேர்லயா இருக்கு, சரியாகறதுக்கு?"

பதினோரு பையும் அவர் மேல் ஏறின. அதில் ஒன்று கணக்கு டீச்சர் ஒருவரின் கைப்பை. பார்க்கக் கையகலம், கனம் ஒரு ஸ்டெப்னி டயர் அளவு. "கொஞ்சம் குனிங்க சார்" என்று டீச்சர் அவர் தோளில் கிடந்த பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்தார். அப்புறம் இரண்டு கால்சட்டை, ஒரு தட்டு, ஒரு தலையணை, ஒரு மடக்கு நாற்காலி. கடைசியில் ஒரு மேசை விசிறியை எடுத்து வைத்துவிட்டு, "பிளக் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். சைலன்சரைத் தவிர ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையோடு வெளியே வந்தால் எது எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

அப்போது உள்ளிருந்து ஒரு வீறிடல். மூடிய மூன்று கதவுகளுக்கு அந்தப் பக்கம். சைலன்சர் பைகளோடு துள்ளினார்.

"உங்க பொண்ணு இல்ல, உக்காருங்க" என்றார் பேக்கரிக்காரர். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். "தபால்காரர் பையன். இது அழுகை இல்ல. சாக்ஸ் மடிஞ்சிருக்கு. இடது கால், சுண்டுவிரல் பக்கம்."

தபால்காரர் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார். "சுண்டுவிரல் இல்லக்கா. அதுக்கு அடுத்த விரல்."

"ம். காதுக்கு வயசாயிட்டு வருது" என்று பேக்கரிக்காரர் வருத்தப்பட்டார்.

தபால்காரர் சுவரில் சாய்ந்தார். கண்ணை மூடினார். பதினான்கு விநாடி கழித்துத் திறந்தார். பெற்ற மகன் அரை மணிக்கு ஒரு தரம் எழுப்புகிற வீட்டில் தூங்கும் விதம் அது என்று டீச்சர் விளக்கினார். பதினான்கு பதினான்கு விநாடியாகச் சேர்த்துச் சாயங்காலத்துக்குள் ஒரு முழுத் தூக்கம் தேறிவிடுமாம். கனவும் விட்ட இடத்திலிருந்து தொடருமாம். நாலு மாதமாக ஒரே கனவு ஓடுகிறது, இன்னும் இடைவேளை வரவில்லை என்றார் தபால்காரர், குறையாகச் சொல்லாமல்.

சைலன்சர் மலையைப் பார்த்திருக்கிறார். கடலைப் பார்த்திருக்கிறார். இரண்டு இடத்திலும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனவர். இங்கே, பதினோரு பை தொங்கும் தோளோடு, அவருக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஏறியது. இவர்கள் யார்? இத்தனை வருடமும் தலைக்கு மேலே இரண்டு மாடி உயரத்தில் இவர்கள் இருந்தபோது கீழே எதற்காக டயர் பார்த்துக்கொண்டிருந்தோம்?

பேக்கரிக்காரர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "சொல்லுங்கண்ணே. உங்க பொண்ணுக்கு எது ஆகாது?"

என்ன வியாதி என்று கேட்டவர்கள் உண்டு. யார் பக்கத்து வம்சம் என்று கேட்டவர்கள் உண்டு. இப்படி யாரும் கேட்டதில்லை. சைலன்சர் வாயெடுத்தார். எடுத்த வாய் மூட ஒரு மணி நேரம் ஆயிற்று. எட்டு வருடத்தையும் சொன்னார், ஒரு நிறுத்தத்தையும் விடவில்லை. இருபத்தாறு நாளைச் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். கண்ணாடிக் கடையைச் சொன்னார். கேட்டவர்களில் ஒருவர்கூட 'பாவம்' என்று உச்சுக்கொட்டவில்லை. கண்ணாடிக் கடைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டியூப்புக்கு மட்டும் எல்லாரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கைகளும் எதையோ பிடித்துப் பழகியவைதான். படிக்கட்டு காய்ந்து வெகுநேரம் ஆகியும் பெயின்டர் போகவில்லை.

"வீட்டுல பல்லு தேய்ப்பாளா?" பேக்கரிக்காரர் கேட்டார்.

"தேய்ப்பா. அவங்கம்மா மடியில நிமிந்து உக்காந்துகிட்டு."

"படுக்க வச்சு?"

"படுக்க வச்சா கத்துவா."

"தலைக்குக் குளிப்பாட்டறப்போ?"

"தலையப் பின்னால சாச்சா ஊரே கூடிடும்."

"பல் டாக்டர் நாற்காலி எப்படிப் போச்சு?"

"சரக்குன்னு பின்னால..." என்று கையால் காட்ட வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அவளுக்கு வாய்க்குப் பயமில்லண்ணே" என்றார் பேக்கரிக்காரர். "முதுகுக்குப் பயம். கால் தரையை விட்டதும் விழற மாதிரி இருக்கும் அவளுக்கு. விழற பிள்ளை வாயையா திறக்கும்?"

தம்ளர் தண்ணீர் தளும்பாமல் ஊரைச் சுற்றி வருகிறவர். முன்பின் தெரியாத ஆயிரம் பேரை ஒரு குலுக்கல் இல்லாமல் வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிறவர். அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

"இது எனக்கு ஏன் தெரியல?"

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? என் பையனுக்கு முடி வெட்டணும்னா ஆறு வருஷம் போர்க்களம். அப்புறம் இதே பெஞ்சுல இன்னொருத்தி சொன்னா. அவளுக்கு வேற யாரோ சொல்லியிருக்காங்க." கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வியாழக்கிழமை நாலு மணிதானே? வர்றோம்."

"எல்லாருமா?"

"பின்ன? உங்கள நம்பித் தனியா விட முடியுமா, அக்கா தங்கச்சி இருக்கும்போது?"

"நீங்க அக்காவா, தங்கச்சியா?"

"தங்கச்சிதான். முகத்தப் பாத்தா தெரியல?"

"வெளிச்சம் பத்தல" என்றார் சைலன்சர். டிப்போவில் யாராவது இதைக் கேட்டிருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள்.

வீட்டில், சலவை நிலையத்தில் வேலை முடிந்து வந்திருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"யாரு அவங்க?"

"தெரியல."

"பேரு?"

"கேக்கல."

"அப்ப ஒரு மணி நேரம் என்னதான் பேசினீங்க?"

"எல்லாம்."

மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு துணிகளை மடித்துக்கொண்டே, "நான் வரலங்க. மறுபடி அந்தக் கையப் பிடிக்கற வேலை என்னால ஆகாது. முடிஞ்சதும் போன் பண்ணுங்க. எதுவா இருந்தாலும் பண்ணுங்க" என்றார்.

வியாழக்கிழமை வந்தது. சிட்டு எட்டு நாள் பட்டினி முகத்தோடு, அப்பாவின் ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு கிளினிக் படியேறினாள். பிள்ளைகளை மையத்தில் விட்டுவிட்டுப் பதினோரு பேரும் வந்து சேர்ந்தார்கள். சிகிச்சை அறை ஒரு நாற்காலியும் ஒரு விளக்கும் மூன்று பேரும் கொள்ளும் அளவு. அதில் எல்லாரும் எப்படி நுழைந்தார்கள் என்று கேட்பவர்கள் நெரிசல் நேரத்து பஸ்ஸைப் பார்க்காதவர்கள். சைலன்சர், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். எல்லாரும் உள்ளே இருந்தார்கள்.

பல் டாக்டர் இளம்வயது. கண்ணாடிக் கடை விவரம் இதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. முழங்கை வரை இரண்டடுக்குக் கையுறை.

"யாருக்குப் பல்லு?"

"பாப்பாவுக்கு" என்றார் பேக்கரிக்காரர்.

"மத்தவங்க?"

"பாப்பாவோட ஆளுங்க."

"இத்தனை பேரா?"

"குறைச்சுத்தான் கூட்டிட்டு வந்தோம் டாக்டர். அந்த நாற்காலிப் பெடல கொஞ்சம் இவர்கிட்ட விடுங்க."

"சார் டெக்னீஷியனா?"

"டிரைவர்."

சிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கால் தரையை எட்டவில்லை. உடம்பு விறைக்க ஆரம்பித்தது. பேக்கரிக்காரர் கீழே மண்டியிட்டு, தன் இரண்டு உள்ளங்கையையும் அவள் பாதங்களுக்கு அடியில் தரையாக வைத்தார். ரொட்டி பிசைந்து பிசைந்து பலகை மாதிரி ஆன கைகள். சிட்டு குனிந்து, அந்தத் தரையை மிதித்துப் பார்த்தாள். விறைப்பு நின்றது.

சைலன்சர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெடலில் கால் வைத்தார்.

பத்தொன்பது வருடத்தில் அவர் ஓட்டிய மிக நீண்ட பயணம் அதுதான். மொத்த தூரம் ஒன்றரை அடி. நாற்காலி சாய்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள டீச்சர் சுவரில் பென்சிலால் கோடு போட வேண்டியிருந்தது. கோட்டுக்கும் நாற்காலிக்கும் இடையே ஒரு நூலளவு இடைவெளி, பிறகு இரண்டு நூலளவு. விளக்கின் மேல் உட்கார்ந்திருந்த ஈ ஒன்று தூங்கிப்போய்க் கீழே விழுந்தது. தபால்காரருக்கு அன்றைய கணக்கில் பாதித் தூக்கம் சேர்ந்துவிட்டது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் சிட்டு முழுக்க மல்லாந்து கிடந்தாள், தான் சாய்ந்ததே தெரியாமல், கூரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் மூச்சை இழுத்துக்கொண்டு குனிந்தார்.

"எங்க பாப்பா, ஆ காட்டு."

சிட்டுவின் உதடு பூட்டிக்கொண்டது. தாடை இறுகியது. கண் ஓரத்தில் தண்ணீர் திரண்டது. டாக்டரின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை அறைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. சைலன்சருக்குத் தன் கைகள் எதையோ பிடிப்பதற்காக மடங்கிக்கொள்வது தெரிந்தது.

"ஆ..." என்றார் டாக்டர் மறுபடி, நம்பிக்கையில்லாமல்.

அப்போது நடந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. வருடக்கணக்காக நாளுக்கு நாலு வேளை, கரண்டியைப் பிள்ளையின் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு "ஆ" என்று சொல்லிச் சொல்லி வாழ்ந்தவர்கள் அவர்கள். பிள்ளை திறக்க வேண்டும் என்று முதலில் தன் வாயைத் திறப்பார்கள். இரண்டு வருடத்தில் மற்றவர்கள் விட்டுவிடுகிற பழக்கத்தை எட்டு வருடம், பத்து வருடம் விடாமல் செய்தவர்கள். டாக்டர் 'ஆ' என்றதும், எந்த யோசனையும் இல்லாமல், பதினோரு வாயும் திறந்துகொண்டன.

சைலன்சர் அதைப் பார்த்தார். சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் பன்னிரண்டாவது வாய் அவருடையது, அதுவும் முழுசாகத் திறந்திருந்தது. இதைத் தான் மட்டும்தான் செய்வதாக, யாரும் பார்க்காதபடி சமையலறையில் திரும்பி உட்கார்ந்து ஊட்டியவர் அவர்.

யாரும் மூடவில்லை. மூடத் தோன்றவில்லை.

சிட்டு கண்ணைத் திருப்பினாள். அவளைச் சுற்றிலும், மேலே, இரண்டு பக்கமும், எல்லா மூடிகளும் திறந்திருந்தன. அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததிலேயே மிக நல்ல அலமாரி அதுதான். கண்ணீர் வந்த வழியிலேயே நின்றது. கை மெல்ல நீண்டு, டாக்டரின் விரலிடுக்கிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டது. டாக்டர் விட்டுவிட்டார். விரலை எண்ணிப் பார்த்துக்கொண்டார் என்று சொல்வார்கள், அதை விட்டுவிடலாம்.

ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். சிட்டு கண்ணாடியை உள்ளே விட்டு, மேல் வரிசை, கீழ் வரிசை, நாக்குக்கு அடி என்று நிதானமாகப் பார்த்தாள். தபால்காரருடைய வாயில் ஒரு கொட்டாவி வந்து காத்திருந்தது, அதையும் பார்த்தாள். டீச்சருக்குக் கடைவாயில் ஒரு தங்கப் பல். அவருடைய சாமான் எல்லாம் கைப்பையில்தான் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். கடைசியாக அப்பா. எட்டு வருடம் பூட்டிக் கிடந்த வாய் என்பதாலோ என்னவோ, அங்கே கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பார்த்து முடித்து, கடிகாரத்துக்குத் தலையாட்டுவது போல ஆட்டினாள்.

பிறகு கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

வாயைத் திறந்தாள்.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்ததில் அறையில் காற்று குறைந்து, ஜன்னல் கதவு தானாக உள்பக்கம் இழுபட்டது. விளக்கு இன்னும் கொஞ்சம் பிரகாசமாக எரிந்தது. டாக்டர் அவள் தோளுக்கு மேலாக, அவள் பிடித்திருந்த கண்ணாடியிலேயே எட்டிப் பார்த்தார். ஒரு பால் பல். வேர் எல்லாம் விட்டுப்போய், ஓரத்தில் ஒரு நூலில் தொங்கிக்கொண்டு, சாய்ந்து ஈறைக் குத்திக்கொண்டிருந்தது. அதற்கு அடியில், அரிசி முனையளவு வெள்ளையாகப் புதுப் பல் ஒன்று யாரையும் கேட்காமல் மேலே வந்துகொண்டிருந்தது.

டாக்டர் விரல் நுனியால் பால் பல்லைத் தொட்டார். அது அவர் உள்ளங்கையில் விழுந்தது. சிட்டு கண்ணாடியில் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்பத் திருப்தியாக.

"இவ்வளவுதானா?" என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டடுக்குக் கையுறையையும் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேக்கரிக்காரர் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். கை மரத்துப்போய், எடுக்க வரவில்லை என்றார். "இருக்கட்டும், அவளே இறங்கட்டும். தரைக்கு என்ன அவசரம்?"

வெளியே வந்ததும் பேக்கரிக்காரர் தன் பையிலிருந்து ஒரு மெது பன்னை எடுத்தார். சிட்டு அதைப் பிய்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. அதை மன்னித்து வாயில் வைத்தாள்.

சைலன்சர் மனைவிக்குப் போன் போட்டார். மணி ஒரு தரம் முழுதாக அடிக்கக்கூட இல்லை.

"என்னங்க ஆச்சு? பிடிச்சீங்களா கைய?"

"இல்ல. யாரும் பிடிக்கல."

அந்தப் பக்கம் சலவை இயந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது.

"சாப்பிடுவாளா?"

"இரு" என்று அவர் போனை மகளின் வாயருகே பிடித்தார். பிடித்தபடி நெடுநேரம் நின்றார். அந்தப் பக்கத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படுவது கேட்டது. ஆறாவதும் நின்ற பிறகு ஒரு சத்தமும் இல்லை. சிட்டு மென்றுகொண்டிருந்தாள். பன் தீர்ந்ததும் போனை வாங்கித் திருப்பி, முதுகைத் திறக்க வழி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அப்பாவிடம் ஒரு கையை நீட்டினாள், முழுக் கையை, ஐந்து விரலோடும்.

அந்தக் கிளினிக்கின் பதிவேட்டில், அன்றைய நாலு மணி நோயாளிக்கு நேரே, 'உடன் வந்தவர்கள்' என்ற கட்டத்தில் 'இருவர்' என்று எழுதியிருக்கிறது. பதிவேடு எங்களைப் போலச் சத்தியம் செய்துவிட்டு எழுதப்பட்டதல்ல.